பி.காமுக்கு எதுக்குங்க பொருளியல்?

தலைப்பில் இருப்பது என் கேள்வி இல்லை மக்களே. எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்குப் போகிற ஜூனியர்கள் விருப்பப் பாடப் படிவத்தை வைத்துக்கொண்டு யாரிடம் யோசனை கேட்டாலும் பதிலுக்கு வருகிற கேள்வி இதுதான். சீனியர் கேட்கிறார். சித்தப்பா கேட்கிறார். கேட்டுவிட்டு அவர்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள்: "பேசாம டேலி எடு. இல்லாட்டி கம்ப்யூட்டர் எடு. எகனாமிக்ஸ் எடுத்து என்னத்த கிழிக்கப் போற?"

என்னத்தைக் கிழிக்கலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் இந்த மைனர் சமாச்சாரம். (மைனர் என்றதும் தங்கச் சங்கிலியும் புல்லட்டும் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் இளநிலைப் படிப்புகளுக்கு ஒரு கட்டமைப்பை வெளியிட்டது. அதன்படி 3 ஆண்டுப் படிப்புக்கு 120 கிரெடிட். அதில் மைனர் பாடத்துக்கு 24. ஒரு பாடத்துக்கு 4 கிரெடிட் என்று வைத்தால் 6 பாடம். நம்மூர்க் கல்லூரிகளில் இது அலைடு, எலெக்டிவ், என்.எம்.இ. என்று பல பெயர்களில், பல அளவுகளில் கிடைக்கிறது. பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். வணிகவியலை மெயினாக வைத்துக்கொண்டு இன்னொரு துறையை ஓரளவு உருப்படியாகப் படிக்கலாம். அந்த இன்னொரு துறை பொருளியலாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்க்க வணிகவியல் சொல்லித்தருகிறது. தெருவில் நின்று கல்லாவைப் பார்க்கப் பொருளியல் சொல்லித்தருகிறது. ஒன்றை மட்டும் படித்தவர்கள் பாதிக் கண்ணோடு வேலைக்குப் போகிறார்கள்.

இனி எதிர்க்கட்சிகளை ஒவ்வொன்றாகக் கவனிப்போம்.

கட்சி ஒன்று: "அதான் ப்ளஸ் டூவிலேயே படிச்சாச்சே!"

உண்மைதான். வணிகவியல் குரூப்பில் வந்தவர்கள் வணிகவியல், கணக்குப்பதிவியலோடு பொருளியலும் 2 வருடம் படித்தார்கள். பி.காம் முதல் வருடத்தில் பிசினஸ் எகனாமிக்ஸ் என்று ஒரு பாடமும் வருகிறது. விலை ஏறினால் தேவை குறையும், விலை இறங்கினால் தேவை கூடும். வளைகோடு இடமிருந்து வலமாகக் கீழே சரியும். படம் வரைந்து பாகம் குறித்தால் 5 மதிப்பெண். ஆச்சு.

இந்தப் பொருளியலை வைத்து ஒரு ஷாம்பு பாக்கெட்டைக்கூட விளக்க முடியாது. எப்படி என்று பார்ப்போமா?

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. ஷாம்பு, பற்பசை, சோப்பு ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் தோரணமாகத் தொங்கும் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வரியில் அந்த ஒரு ரூபாய்க்குள் பொருளின் விலை சுமார் 84.7 காசு, மீதி வரி. புதிய வரியைப் போட்டால் பாக்கெட்டின் விலை 89 காசு ஆக வேண்டும். இதுவரை நாம் பி.காமில் படித்த கணக்கு. ரிட்டர்ன் போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுவோம்.

அந்த 11 காசு யாருக்கு? பெட்டிக்கடையில் 89 காசு வாங்கிக்கொண்டு 11 காசு சில்லறை தரப்போகிறவர் யார்? கம்பெனி விலையை ஒரு ரூபாயிலேயே வைத்துவிட்டு உள்ளே இருக்கும் ஷாம்புவை இன்னும் கொஞ்சம் கூட்டலாம். கூட்டாமல் 11 காசைத் தானே வைத்துக்கொள்ளலாம். மொத்த வியாபாரிக்குக் கமிஷனாகக் கொடுக்கலாம். எது நடக்கும் என்பது எதைப் பொறுத்தது? போட்டிக் கம்பெனி என்ன செய்கிறது, வாங்குபவர் அடுத்த பிராண்டுக்கு எவ்வளவு சுலபமாகத் தாவுவார், பாக்கெட் வாங்குபவரும் பாட்டில் வாங்குபவரும் விலை மாற்றத்துக்கு ஒரே மாதிரி அசைவார்களா என்பவற்றைப் பொறுத்தது. வரிக்கு ரசீது போடுவது ஒருவர், வரியின் சுமையைத் தாங்குவது இன்னொருவர். சட்டம் முன்னவரைத்தான் தீர்மானிக்கும். பின்னவரைத் தீர்மானிப்பது நெகிழ்ச்சி. ப்ளஸ் டூவில் நெகிழ்ச்சியின் 5 வகைகளை மனப்பாடம் செய்தோமே, அதே நெகிழ்ச்சிதான்! அது எதற்குப் பயன்படும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நாளைக்கு வரி ஆலோசகராகப் போர்டு மாட்டப்போகிற நாம் வரியை யார் சுமக்கிறார்கள் என்று தெரியாமலே 40 வருடம் ரிட்டர்ன் தாக்கல் செய்து ஓய்வு பெறலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அது படித்த வாழ்க்கையா?

கட்சி இரண்டு: "கம்பெனிக்கு உள்ளே நடக்கிறதுக்குக் கணக்குப் போதுமே"

போதாது. எங்கள் வீட்டையே உதாரணமாகத் தருகிறேன்.

அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். கட்டடம் சொந்தம். காலை 6 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்துவார். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் சாயங்காலத்திலும் அம்மா கல்லாவில் இருப்பார். கணக்கு எழுதுவது நான். எண்களைக் கொஞ்சம் ரவுண்டாக்கித் தருகிறேன். சரக்கு, கரண்டு, பையனுக்குக் கூலி எல்லாம் போக மாதம் நிகர லாபம் 38,000 ரூபாய். நான் படித்த கணக்குப்பதிவியலின்படி இது லாபத்தில் ஓடும் கடை. ஆடிட்டரும் அப்படித்தான் சொல்வார்.

பொருளியல் வேறொரு கேள்வி கேட்கிறது. இதைச் செய்வதற்காக எதையெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள்?

கடையை வாடகைக்கு விட்டால் 12,000 வரும். அப்பா ஊரில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு மேற்பார்வைக்குப் போனால் 18,000 தருவார்கள், கேட்டும் இருக்கிறார்கள். அம்மா உட்காரும் நேரத்துக்கு ஓர் ஆள் வைத்தால் 7,000. சரக்கிலும் கடன் பாக்கியிலும் முடங்கிக் கிடக்கும் 6 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டால் மாதம் 3,500. கூட்டிப் பாருங்கள்: 40,500.

அதாவது 38,000 லாபம் என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும் கடை, விட்டுக்கொடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால் மாதம் 2,500 ரூபாய் கையைக் கடிக்கிறது. இதற்குப் பெயர் வாய்ப்புச் செலவு. "அது எங்க காஸ்ட் அக்கவுண்டிங்கிலேயே இருக்கே" என்று ஒரு புத்திசாலி எழுந்து நிற்பார். இருக்கிறது ஐயா. 2 மதிப்பெண் கேள்வியாக இருக்கிறது. பொருளியலில் அதுதான் முதல் செங்கல். அதன்மேல்தான் முழுக் கட்டடமும் நிற்கிறது.

"அப்போ கடையை மூடச் சொல்றியா?" என்று அம்மா கேட்டார். இல்லை. யாருக்கும் கைகட்டி நிற்காமல் சொந்தக் கடையில் உட்காருவதற்கு அப்பா ஒரு மதிப்பு வைத்திருக்கிறார். அந்த மதிப்பு மாதம் 2,500-க்கு மேல் இருந்தால் கடையைத் தொடர்வதுதான் சரி. அதையும் பொருளியல்தான் சொல்கிறது. ஆனால் எவ்வளவு கொடுத்து அந்தச் சுதந்திரத்தை வாங்குகிறோம் என்பது இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றும் தெரியும். இத்தனை வருடக் கணக்குப் புத்தகங்களில் அம்மாவின் உழைப்புக்கு எதிரே இருந்த தொகை பூஜ்யம். பற்று எழுதவும் இல்லை, வரவு எழுதவும் இல்லை. ரொக்கம் கைமாறாததால் கணக்குப்பதிவியலின் கண்ணுக்கு அந்த உழைப்பே தெரியவில்லை.

இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் பொருளியல் பக்கம் பேசுவேன்.

கட்சி மூன்று: "நான் சி.ஏ. பண்ணப் போறேன், எனக்கு நேரமில்லை"

இது பெரிய கட்சி. பெரும்பான்மையே இவர்களுக்குத்தான். கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்.

சி.ஏ. ஃபவுண்டேஷனில் பிசினஸ் எகனாமிக்ஸ் ஒரு முழுத் தாள். ஆனால் பி.காமில் 55 சதவீதம் எடுத்தவர்கள் நேரடி நுழைவு வழியாக ஃபவுண்டேஷனைத் தாண்டிக் குதித்து இன்டருக்குப் போய்விடலாம். பழைய பாடத்திட்டத்தில் இன்டரில் நிதி மேலாண்மைத் தாளோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் பொருளியல் இருந்தது. 2024-ல் வந்த புதிய திட்டத்தில் அந்த இடத்தில் அது இல்லை. விளைவு? நேரடி நுழைவில் போகிற பி.காம் மாணவருக்குப் பொருளியல் என்பது கல்லூரியில் படித்தால் உண்டு, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இல்லை.

"இல்லாட்டி என்ன?" என்பீர்கள். இந்தியக் கணக்குத் தரம் 109 என்று ஒன்று இருக்கிறது. 2018 ஏப்ரல் முதல் பெரிய நிதி நிறுவனங்கள் அதைப் பின்பற்றத் தொடங்கின. பழைய முறையில் கடன் வாங்கியவர் தவணை கட்டாமல் போன பிறகு ஒதுக்கீடு செய்வார்கள். புதிய முறையில் கடன் கொடுக்கும்போதே இதில் எவ்வளவு போகும் என்று எதிர்பார்த்து ஒதுக்க வேண்டும். எதிர்பார்ப்பது எப்படி? கடன் வாங்கியவரின் பழைய வரலாறு மட்டும் போதாது. வரப்போகும் பொருளாதார நிலவரத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது அந்தத் தரம். வளர்ச்சி குறையுமா, வட்டி ஏறுமா, வேலை போகுமா? இரண்டு மூன்று விதமான எதிர்காலங்களைக் கற்பனை செய்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று எடை போட்டுத் தொகையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நிதி நிறுவனம் ஒரு மாடலைப் போட்டு ஆடிட்டரிடம் நீட்டும். அந்த மாடல் நியாயமானதா என்று சொல்லிக் கையெழுத்துப் போடப்போகிறவர் நம் சி.ஏ. பொருளாதார வளர்ச்சிக்கும் வாராக்கடனுக்கும் உள்ள உறவை எந்த வகுப்பிலும் உட்கார்ந்து படிக்காத ஒருவர் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவார்? கம்பெனிக்காரர் முகத்தைப் பார்த்தா?

இன்னொரு சின்ன விஷயம். வங்கி ஒருவருக்கு 1 லட்சம் கடன் கொடுத்து அவருடைய கணக்கிலேயே வரவு வைத்தால் பதிவு என்ன? கடன் கணக்குப் பற்று, வாடிக்கையாளர் வைப்புக் கணக்கு வரவு. முதல் வருடப் பிள்ளைகூடச் சொல்லும். அந்த ஒற்றைப் பதிவில் நாட்டில் 1 லட்சம் புதுப் பணம் பிறந்துவிட்டது என்று யாராவது சொன்னார்களா? யாருடைய சேமிப்பும் அந்த நொடியில் குறையவில்லை. ஆனால் செலவழிக்கத்தக்க வைப்புத் தொகை கூடிவிட்டது. 2014-ல் இங்கிலாந்து வங்கி தன் காலாண்டு இதழில் இதை விரிவாக விளக்கியது. அதற்கு மூலதனம், ரிசர்வ் வங்கியின் வட்டி, கடன் கேட்டு வருவோரின் எண்ணிக்கை என்று பல கடிவாளங்கள் உண்டு. அந்தக் கடிவாளங்களைப் படிப்பதுதான் பணவியல் பொருளியல். இத்தனைக்கும் அந்தப் பதிவை எழுதுவது நாம். எழுதுகிற கைக்கு என்ன எழுதுகிறோம் என்று தெரிய வேண்டாமா?

கட்சி நான்கு: "ரெஸ்யூமேல போட்டா வேலை கிடைக்குமா?"

நேர்மையாகச் சொல்கிறேன். மைனர் பொருளியல் என்று ஒரு வரி போட்டதற்காக யாரும் கூப்பிட்டு வேலை தரமாட்டார்கள். இந்தியப் பொருளியல் பணித் தேர்வு எழுதலாமா என்றால், அதற்குப் பொருளியலிலோ அது சார்ந்த பாடத்திலோ முதுநிலைப் பட்டம் வேண்டும், மைனர் போதாது. ரிசர்வ் வங்கியின் கிரேடு பி தேர்வில் பொருளாதார, சமூகப் பிரச்சினைகளுக்கென்று ஒரு தாள் இருக்கிறது, அங்கே உதவும். மற்றபடி வானத்திலிருந்து சம்பளம் கொட்டாது.

ஆனால் டேலி எடுத்தால் மட்டும் கொட்டுமா? டேலி முக்கியம்தான், தெரியாமல் வெளியே போகாதீர்கள். அதை 2 மாதத்தில் தெருமுனை கம்ப்யூட்டர் சென்டரில் படித்துவிடலாம். லீவில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்தால் இன்னும் சீக்கிரம் வரும். கல்லூரியில் மட்டுமே கிடைக்கக்கூடிய ஒன்றை விட்டுவிட்டு, வெளியே எங்கும் கிடைக்கிற ஒன்றுக்காக 24 கிரெடிட்டைச் செலவழிப்பதுதான் மோசமான பொருளாதாரம். மேலே சொன்ன வாய்ப்புச் செலவை உங்கள் பாடப் படிவத்திலேயே போட்டுப் பாருங்கள் :-)

அதோடு, ஜர்னல் பதிவை மென்பொருளே போடுகிற காலம் இது. பில்லைப் படமெடுத்தால் எந்தத் தலைப்பில் சேர வேண்டும் என்று அதுவே வகைப்படுத்துகிறது. எண்களை எழுதும் வேலை மலிவாகிக்கொண்டே போகும்போது, எண்கள் ஏன் நகர்கின்றன என்று சொல்கிற வேலைக்கு மதிப்புக் கூடும் என்பதை ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டாம். அளிப்பும் தேவையும்தான்.

இரண்டு பேர் கதை

"பி.காம் படிச்சவங்க பொருளியல்ல சாதிச்சதா சரித்திரம் உண்டா?" என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்டு ஐயா.

ரொனால்ட் கோஸ். 1929-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சேர்ந்து அவர் படித்தது நம்மைப் போலவே வணிகவியல். பொருளியலை ஒரு பாடமாக அவர் எடுக்கவில்லை. 1931-ல் இறுதித் தேர்வுக்குச் சில மாதங்கள் இருந்தபோது ஆர்னால்ட் பிளான்ட் என்கிற வணிகவியல் பேராசிரியரின் கருத்தரங்கில் போய் உட்கார்ந்தார். சந்தை எப்படித் தானாக ஒழுங்குபடுகிறது என்பதை அங்கே கேட்டார். உடனே அவருக்கு ஒரு சந்தேகம். சந்தை அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்றால் கம்பெனி என்று ஒன்று எதற்கு இருக்கிறது? அமெரிக்காவுக்குப் போய்த் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். சந்தையில் ஒவ்வொரு வேலைக்கும் ஆள் தேடி, பேரம் பேசி, ஒப்பந்தம் போடுவதற்கே செலவு ஆகிறது. அந்தச் செலவை மிச்சப்படுத்தவே கம்பெனி என்று 1937-ல் ஒரு கட்டுரை எழுதினார். 1991-ல் நோபல் பரிசு வந்தது.

"பாத்தியா, பொருளியல் படிக்காமலே நோபல்!" என்று துள்ள வேண்டாம். அவர் அந்தக் கருத்தரங்குக்குள் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது. பொருளியல் மட்டும் படித்தவர்கள் கம்பெனி இருப்பதைச் சும்மா எடுத்துக்கொண்டார்கள். வணிகவியல் மட்டும் படித்தவர்கள் சந்தையைச் சும்மா எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் உரசிய இடத்தில்தான் பொறி வந்தது.

இரண்டாமவர் நம்மூர்க்காரர். தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்காளர் படிப்பு முடித்து, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் செய்தவர். பிறகு அமெரிக்கா போய் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1928-ல் வணிக நிர்வாகப் பட்டம் வாங்கினார். அதோடு நின்றிருந்தால் கோட்டும் டையுமாக இன்னொரு பெரிய ஆடிட்டர். அவ்வளவுதான். ஆனால் கொலம்பியாவுக்குப் போய் செலிக்மன் என்கிற பேராசிரியரிடம் பொது நிதியைப் படித்தார். இந்தியாவில் வரி யாரிடமிருந்து வருகிறது, யாருக்காகச் செலவாகிறது, அதற்கும் நம் வறுமைக்கும் என்ன சம்பந்தம் என்று ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1929-ல் அவரைக் காந்தியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. காந்தி அதைத் தன் யங் இந்தியா பத்திரிகையில் வெளியிட்டார். அதன்பின் குஜராத்தின் மாதர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய் விவசாயிகளின் வரவு செலவைக் கணக்கெடுத்தார் குமரப்பா.

கவனியுங்கள். வரவு செலவு எழுதும் திறமை அவருக்கு லண்டனிலேயே வந்துவிட்டது. யாருடைய வரவு செலவை எழுத வேண்டும் என்கிற கேள்வி பொருளியல் படித்த பிறகுதான் வந்தது. அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் கிராமத்துக்குள் செய்துகொள்ளலாம் என்பதோடு எனக்குச் சண்டை உண்டு. அதை இன்னொரு நாள் போடுவோம். ஆனால் அந்தக் கேள்வி இருக்கிறதே, அதற்குத் தலைவணங்குகிறேன்.

நிற்க. பொருளியல் துறைக்கும் ஒரு கேள்வி

இவ்வளவு நேரம் பொருளியலுக்குப் பல்லக்குத் தூக்கினேன். இனி கொஞ்சம் அடியும் போட வேண்டும். மாணவர்கள் ஓடுவதற்கு மாணவர்கள் மட்டும் காரணமில்லை.

ஆடம் ஸ்மித்தின் செல்வ இலக்கணம், மார்ஷலின் நல இலக்கணம், ராபின்ஸின் பற்றாக்குறை இலக்கணம். ப்ளஸ் ஒன்னில் ஒரு தடவை, பி.காம் முதல் வருடத்தில் ஒரு தடவை, மைனரின் முதல் பாடத்தில் இன்னொரு தடவை. பிறகு சமநோக்கு வளைகோட்டின் பண்புகள் நான்கு. முற்றுரிமையின் அம்சங்கள் ஆறு. எடுத்துக்காட்டுக்கு எப்போதும் ஆப்பிளும் ஆரஞ்சும். ஏன், இட்லியும் பொங்கலும் ஆகாதா? ஒரு வருடம் முழுக்க ஒரு உண்மையான எண்ணைக்கூடத் தொடாமல் பொருளியல் படித்துவிட முடிகிறது என்றால் தப்பு எங்கே இருக்கிறது?

இத்தனைக்கும் இதே மண்ணில்தான் வேறு மாதிரி ஆரம்பித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1916 வாக்கில் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்து எழுதச் சொன்னார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி என்று நம் ஊர்கள். 1918-ல் அது புத்தகமாக வந்தது. பின்னால் வந்தவர்கள் அதே ஊர்களுக்கு மறுபடி மறுபடி போய் என்ன மாறியது என்று பார்த்தார்கள். நூறு வருடத்துக்கு முன் மாணவர்கள் கணக்கெடுக்கப் போனார்கள். நாம் கைடு வாங்கப் போகிறோம்.

எனவே வெறுமனே ஒரு மைனர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 24 கிரெடிட்டில் எனக்கு வேண்டிய 6 பாடம் இவை: நம் ஊர்ச் சந்தைகளை வைத்து நுண்ணியல் ஒன்று. பணமும் வங்கியும் சேர்ந்த பேரியல் ஒன்று. வரியும் பட்ஜெட்டும் ஒன்று. அரசு வெளியிடும் விலைவாசி, வேலைவாய்ப்புப் புள்ளிவிவரங்களைக் கையில் எடுத்து அலசும் புள்ளியியல் ஒன்று. இந்தியப் பொருளாதாரமும் அதற்குள் தமிழ்நாடும் ஒன்று. கடைசியாக, ஒரு தெருவையோ சந்தையையோ தேர்ந்தெடுத்து ஒரு செமஸ்டர் முழுக்கக் கணக்கெடுக்கும் களப்பணி ஒன்று. வணிகவியல் மாணவர் களத்துக்குப் போனால் கடைக்காரரின் நோட்டைப் படிக்கத் தெரியும். அது பொருளியல் மாணவருக்கு இல்லாத வசதி.

யாருக்கு வேண்டாம்?

கையில் ஏற்கெனவே 4 அரியர் வைத்திருப்பவர்களுக்கு வேண்டாம். முதலில் அதைத் தீருங்கள். எளிய இயற்கணிதமும் புள்ளியியலும் கண்டாலே காய்ச்சல் வரும், அதைச் சரிசெய்யவும் மனமில்லை என்பவர்களுக்கு வேண்டாம். நல்ல பொருளியலுக்கு அந்த இரண்டும் வேண்டும். குடும்ப நிலைமை காரணமாக மூன்றாவது வருடமே சம்பளம் வந்தாக வேண்டும், அதற்கு ஒரு குறிப்பிட்ட சான்றிதழ்தான் வழி என்றிருப்பவர்களிடமும் நான் உபதேசம் செய்ய மாட்டேன். அவர்களுடைய வாய்ப்புச் செலவு வேறு.

மற்ற எல்லோருக்கும் சொல்வது இது. படிவத்தில் டிக் அடிப்பதற்கு முன் துறை நூலகத்துக்குப் போய் அந்தப் பாடத்தின் கடைசி 3 வருடக் கேள்வித்தாள்களை வாங்கிப் பாருங்கள். எல்லாக் கேள்வியும் "வரையறு", "பண்புகளை விளக்குக" என்றிருந்தால் துறைத் தலைவரிடம் போய், களப்பணியும் புள்ளிவிவரமும் சேர்த்தால் இத்தனை பேர் சேருகிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். 10 பேர் போனால் காதில் விழாது, 60 பேர் போனால் விழும். உங்கள் கல்லூரியில் பாடமே இல்லையென்றால் ஸ்வயம் தளத்தில் பாருங்கள். ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை அங்கே படித்துக் கிரெடிட்டாகச் சேர்த்துக்கொள்ள மானியக் குழுவின் 2021 விதிகள் இடம் தருகின்றன. கல்லூரி ஏற்க வேண்டும் என்பதால் முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

யாராவது "எகனாமிக்ஸ் எடுத்து என்னத்த கிழிக்கப் போற" என்று கேட்டால், ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டை நீட்டி "அந்த 11 காசு யார்கிட்ட இருக்கு அண்ணே?" என்று கேளுங்கள். பதில் தெரிந்தவராக இருந்தால் அவரிடமே பாடம் படிக்கலாம்.

பி.கு.: இட்லி, பொங்கல் இரண்டில் எது இன்னொன்றுக்கு நெருக்கமான பதிலிப் பொருள், வடை எதற்கு நிரப்புப் பொருள் என்று எங்கள் விடுதி மெஸ்ஸில் ஒரு சர்வே நடக்கிறது. பொங்கலுக்கும் வடைக்கும் உள்ள பந்தம் விலைக்கு அப்பாற்பட்டது என்று இப்போதைக்குத் தெரிகிறது.